ஆல்டன் என்கிற எலி

வெர்னா: ...ஊரே அலறினது சர்ச் விருந்துல சிலிண்டர் வெடிச்சப்பவா, இல்ல குவாரியில வெடி வச்சப்பவா? ரெண்டும் எனக்குள்ள ஒண்ணா கலந்து கெடக்கு, அண்ணே. நெஜமாவே பாத்தேனா, ஊரு சொல்லிச் சொல்லி பாத்த மாதிரி ஆயிடுச்சான்னே இப்ப தெரியல.

ஆல்டன்: சிலிண்டர்தான். பீன்ஸ் விருந்து அன்னைக்கு. பாதிரியார் மேசைக்கு அடியில போயிட்டார்.

வெர்னா: நீ?

ஆல்டன்: பீன்ஸ் தின்னுட்டிருந்தேன்.

வெர்னா: திரும்பிக்கூடப் பாக்கல.

ஆல்டன்: பீன்ஸ் நல்லா இருந்துச்சு.

வெர்னா: அந்த மிதவைய கீழ வச்சிட்டு நிமிந்து பேசேன். குனிஞ்சுக்கிட்டே பேசினா பெயிண்ட் டப்பாகூட பேசற மாதிரி இருக்கு.

ஆல்டன்: நீ மொதல்ல அந்தக் கழுத்துத் துணிய வாய்க்குக் கீழ இறக்கு. பேங்க் கொள்ளக்காரி மாதிரி.

வெர்னா: ஷெட்டுல குளிருது.

ஆல்டன்: அதான் கெட்டில் போட்டிருக்கேனே. விசில் அடிச்சதும் டீ. அதுவரைக்கும் நான் வேலையப் பாக்கறேன். அடுத்த வாரம் கூண்டு எறக்கணும். ஆரஞ்சுல பச்சைப் பட்ட போடாத மிதவைய கடல்ல விட்டா எவன் கூண்டுன்னு யாருக்குத் தெரியும்? அடுத்தவன் என் சிங்கி இறால தின்னுட்டு ஏப்பம் விடுவான்.

வெர்னா: சமையலறைக் கதவு தொறந்திருக்கா?

ஆல்டன்: தொறந்துதான் இருக்கு. பத்தடி தூரம். விசில் அடிச்சா கேக்காதா?

வெர்னா: கேக்கும், கேக்கும். அண்ணி எங்க?

ஆல்டன்: சர்ச்சுல. இன்னைக்கு ஆப்பிள் பை சுடற நாள். நெட்டி இல்லாம அங்க அடுப்பே பத்தாது.

வெர்னா: இந்த மீசைய எப்ப எடுக்கப் போற?

ஆல்டன்: வந்ததுலேர்ந்து ரெண்டு தடவ கேட்டுட்ட. என் மீசை உன்னை என்னடி பண்ணுச்சு?

வெர்னா: உதட்டு மேல கடல்பாசி மாதிரி தொங்குது. வாய்க்கு வேலி போட்டாப்புல.

ஆல்டன்: நெட்டிக்குப் பிடிச்சிருக்கு.

வெர்னா: அண்ணி பாவம். யாரும் அவங்களக் கேக்கறதில்ல.

ஆல்டன்: சரி, அந்தப் பொட்டியில என்ன?

வெர்னா: வூப்பி பை. நடுவுல கிரீம் தடவினது.

ஆல்டன்: நீ வூப்பி பை கொண்டு வந்தியா? யாரு செத்தாங்க?

வெர்னா: லேப்ல மிஞ்சினது. எங்க ஒரு வழக்கம்... புது எலிக்குப் பேர் வைக்கிறவங்க எல்லாருக்கும் இனிப்பு வாங்கித் தரணும்.

ஆல்டன்: எலியில என்ன புதுசு, பழசு? போன வருசம் என் இரை மூட்டைய தின்னதுக்கு நான் வச்ச பேரு வேணும்னா சொல்றேன்.

வெர்னா: அத சர்ச்சுல சொல்லாத. நாங்க வளக்கற எலிங்கள்ல எப்பவாவது ஒண்ணு மாறிப் பொறக்கும். ஒண்ணு நின்ன இடத்துல சுத்திக்கிட்டே இருக்கும். ஒண்ணு மொட்டையா பொறக்கும். அதோட குட்டிக்கும் அதே மாதிரி வந்துச்சுன்னா, அது பரம்பரையில வர்றதுன்னு அர்த்தம். கண்டுபிடிச்சவங்க அதுக்குப் பேர் வைக்கலாம்.

ஆல்டன்: அப்ப நீ ஒண்ணு கண்டுபிடிச்ச.

வெர்னா: கண்டுபிடிச்சேன்.

ஆல்டன்: என்ன பேரு வச்ச?

வெர்னா: மொதல்ல இனிப்பு எடுத்துக்கோ.

ஆல்டன்: ஏய். என்ன பேரு?

வெர்னா: ஆல்டன். அண்ணே, பிரஷ்ல பெயிண்ட் சொட்டுது. பூட்ஸ் மேல.

ஆல்டன்: எலிக்கு என் பேரா? ஐம்பத்தெட்டு வருசமா இந்தத் தீவுல தலை நிமிந்து நடக்கறேன். எலிக்கா?

வெர்னா: பெருமைக்குத்தான் வச்சேன்! கேளு. எங்க ஒரு சோதனை இருக்கு. கூண்டுக்குப் பக்கத்துல பெரிய மணிய அடிப்போம். எந்த எலியும் வெறச்சுப் போயிடும், இல்ல துள்ளிக் குதிக்கும். இந்தக் குடும்பம் மட்டும் அசையவே இல்ல. தின்னுக்கிட்டே இருந்துச்சு. ஒண்ணு மீசைய வேற துடச்சுக்கிச்சு.

ஆல்டன்: அதுக்கும் மீசையா.

வெர்னா: எனக்கு அந்த சிலிண்டர்தான் ஞாபகம் வந்துச்சு. பாதிரியார் மேசைக்கு அடியில... நீ பீன்ஸ். பயமே இல்லாத எலின்னு பெரிய கூட்டத்துல நின்னு பேசினேன். பயத்தோட ஜீன் கெடச்சிடுச்சுன்னேன். எல்லாரும் கை தட்டினாங்க. பாஸ்டன்லேர்ந்து வந்த ஒருத்தர் எழுந்து நின்னே தட்டினார்.

ஆல்டன்: ம்ம். பாஸ்டன்காரனே நின்னானா... சரி. அப்படின்னா பேரு இருந்துட்டுப் போகட்டும். அது எப்படி எழுதுவீங்க? என் பேரையேவா?

வெர்னா: மனுசனுக்கும் எலிக்கும் ஒரே ஜீன் இருந்தா பேரும் ஒண்ணுதான். முழுக்க பெரிய எழுத்துல எழுதினா மனுசனோடது. முதல் எழுத்து மட்டும் பெருசுன்னா எலியோடது.

ஆல்டன்: நெட்டி ஒட்டி வைக்கற சீட்டுல என் பேர முழுக்க சின்ன எழுத்துலதான் எழுதறா. ‘ஆல்டன், குப்பைய எடு’ன்னு. அப்ப நான் யாரு?

வெர்னா: கொசு.

ஆல்டன்: போடி. இரு... மனுசனுக்கும் எலிக்கும் ஒரே ஜீனா?

வெர்னா: முக்கால்வாசி ஒண்ணேதான். மனுசனும் எலியும் பங்காளிங்க, அண்ணே. டைனோசார் நடமாடின காலத்துல ரெண்டு பேருக்கும் ஒரே பாட்டன். அப்புறம் பாகம் பிரிஞ்சு போயிட்டோம். ஆனா பூர்வீகப் பத்திரம் ரெண்டு வீட்டுலயும் இருக்கு. அவங்க வீட்டுப் பத்திரத்துல ஒரு வரி கிழிஞ்சிருந்தா, நம்ம வீட்டுல அதே வரி எப்படி இருக்குன்னு எடுத்து வச்சுப் பாக்கலாம். அதான் என் பொழப்பு.

ஆல்டன்: கவர்மெண்டு அதுக்குச் சம்பளம் தருது.

வெர்னா: நீ செவ்வாய்க்கிழமை என்ன பண்ணினேன்னு ஊரே பேசுது.

ஆல்டன்: எங்கேர்ந்து எங்க தாவற? கெட்டில் இன்னும் அடிக்கலையா?

வெர்னா: அடிக்கல. பேச்ச மாத்தாத. மூடுபனியில தபால் படகு உன்ன ரெண்டா பொளந்திருக்கும்னு சொல்றாங்க.

ஆல்டன்: பொளக்கல இல்ல? அவன்தான் ஒதுங்கினான். நான் ஒதுங்கல. படகுத்துறையில எல்லாரும் தோள்ல தட்டினாங்க. அப்பா ரத்தம்னாங்க.

வெர்னா: அவன் ஹாரன் அடிச்சானாம்.

ஆல்டன்: அடிச்சிருப்பான்.

வெர்னா: நிறுத்தாம அடிச்சானாம்.

ஆல்டன்: அந்தப் பச்சை டப்பாவ இப்படி நகத்து.

வெர்னா: அண்ணே, நிமிந்து பாரு. ஹாரன் அடிச்சானா?

ஆல்டன்: அடிச்சா என்ன? ஹாரனுக்கெல்லாம் ஒதுங்கறவனா நான்? உன் எலிகிட்ட கேளு, அது சொல்லும்.

வெர்னா: எலி சொல்லிடுச்சு. அதான் வந்தேன்.

ஆல்டன்: ...என்ன சொல்லுச்சு?

வெர்னா: எங்க லேப்ல புதுசா டார்சின்னு ஒரு பொண்ணு சேந்திருக்கு. வெளியூர். கூண்டு மூடிங்கள அடுக்கித் தூக்கிட்டு வந்தா, கால் தடுக்கிடுச்சு. அத்தனையும் இரும்பு மூடி. சிமெண்டுத் தரையில.

ஆல்டன்: ஐயோ.

வெர்னா: அந்த அறையில இருந்த எலி எல்லாம் எகிறிக் கூண்டுக் கூரையில முட்டுச்சாம். கண்ண மூடிக்கிட்டு படுத்திருந்ததெல்லாம்கூட. இந்த ஆல்டன் குடும்பம் மட்டும் தூங்கிட்டே இருந்துச்சாம். கண்ணக்கூடத் தொறக்கல. தூக்கத்துல யாராவது தைரியமா இருக்க முடியுமா?

ஆல்டன்: இருந்துச்சாம், முட்டுச்சாம்... நீ அங்க இல்லையா?

வெர்னா: இருந்தேன். முதுகு காட்டி நின்னுட்டிருந்தேன். டார்சிதான் சொன்னா.

ஆல்டன்: என்ன சொன்னா?

வெர்னா: ‘மேடம், இதுங்களுக்குப் பயம் இல்லாம இல்ல. காது கேக்கல’ன்னா. குட்டியில கேக்கும். வளர வளர போயிடும். கீச்சுனு வர்ற சத்தம் மொதல்ல போகும், அப்புறம் மத்தது. பயத்தோட ஜீன் இல்ல, அண்ணே. காதோட ஜீன்.

ஆல்டன்: ஹா! பாஸ்டன்காரன் எழுந்து நின்னு தட்டினது செவிட்டு எலிக்கா?

வெர்னா: சிரி. எல்லாரும் சிரிச்சாச்சு.

ஆல்டன்: இத்தன வருசம் எலிகூடவே குடும்பம் நடத்தற. காது கேக்குதான்னு மொதல்ல பாக்க மாட்டியா?

வெர்னா: அதுக்குன்னு ஒரு சின்னப் பொட்டி இருக்கு. அமுக்கினா டக்குனு ஒரு சத்தம் வரும். கேக்கற எலிக்குக் காது மடல் துடிக்கும். எந்தப் புது எலிக்கும் மொதல்ல அததான் பண்ணணும்.

ஆல்டன்: பண்ணலையா?

வெர்னா: அமுக்கினேன். சத்தமே வரல. பொட்டி ரிப்பேர்னு மேல தூக்கி வச்சிட்டேன். இன்னொண்ணு தேடி எடுக்கறதுக்குள்ள கூட்டம் வந்துடுச்சு.

ஆல்டன்: ரிப்பேரு. நல்ல ரிப்பேரு. என் என்ஜின் ரிப்பேர்னா நான் கடலுக்கே போக மாட்டேன்.

வெர்னா: ...ஆமா.

ஆல்டன்: சரி, எலி செவிடு. எனக்கு அதுக்கு என்ன?

வெர்னா: வாயத் தொற.

ஆல்டன்: என்னது அது? பஞ்சா?

வெர்னா: பஞ்சுக் குச்சி. கன்னத்துக்கு உள்பக்கம் ஒரு தேய். அவ்வளவுதான். வலிக்காது.

ஆல்டன்: எலிக்கு என் பேர வச்ச. இப்ப எனக்கு எலியோட சீக்க வைக்கப் போறியா?

வெர்னா: வைக்கல. இருக்கான்னு பாக்கறேன்.

ஆல்டன்: எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது. இப்ப உன்கூடப் பேசிட்டிருக்கேன்ல? கொஞ்சம் மந்தம். சரி, கொஞ்சம். என்ஜினுக்குப் பக்கத்துல முப்பது வருசம் நின்னா யாருக்கும் வரும்.

வெர்னா: என்ஜின்தான் காரணம்னா எனக்கு ஏன்...

ஆல்டன்: உனக்கு ஏன்?

வெர்னா: ...எனக்கு ஏன் சந்தேகம் வருது? அதச் சொல்ல வந்தேன். வெறும் சந்தேகம் இல்ல. அந்த ஜீனோட மனுசப் பங்கையும் எடுத்துப் பாத்தாச்சு. ஒரு ஆளுக்கு எலிக்கு இருக்கற அதே ஜீன்ல, கொஞ்சம் தள்ளி, ஒரு எழுத்து பிசகியிருக்கு.

ஆல்டன்: யாரு அது?

வெர்னா: சொல்லக் கூடாது. விதி.

ஆல்டன்: தீவு ஆளா?

வெர்னா: ஒரு பொம்பள. ஐம்பதத் தாண்டினவ.

ஆல்டன்: பாவம். புருசன் இருக்கானா, கைய பிடிச்சுக் கூட்டிட்டுப் போக?

வெர்னா: இல்ல. எலிங்கதான் இருக்கு... அவளுக்கு. வீட்டுல. எலித் தொல்ல.

ஆல்டன்: தீவு முழுக்கத்தான் எலி. கெட்டில் என்ன, இன்னும் அடிக்கல?

வெர்னா: தண்ணி நெறைய ஊத்தியிருப்ப. நீ எதையும் வழிய வழியத்தான் ஊத்துவ.

ஆல்டன்: இருக்கும்... வெர்னா.

வெர்னா: ம்?

ஆல்டன்: நீ அப்பாவப் பத்திப் பேசத்தான் வந்திருக்க. எனக்குத் தெரியும். அந்தப் பஞ்சுக் குச்சிய எடுத்ததுமே தெரிஞ்சிடுச்சு. படகுத்துறையில பலகை வச்சிருக்காங்க. ‘யாருக்கும் வழிவிடாதவர்.’ வெளியூர்க்காரனுங்க வந்து அதுக்குப் பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்கறானுங்க. மூடுபனியில சரக்குக் கப்பல் வந்துச்சு, ஹாரன் அடிச்சுது, அப்பா ஒதுங்கல, கரைக்குத் திரும்பல. நாப்பது வருசமா இந்த ஊரு அதச் சொல்லித்தான் என்ன வளத்துச்சு. இப்ப நீ ஒரு எலியக் கொண்டு வந்து, அவரு ஒண்ணும் துணிஞ்சவரு இல்ல, செவிடுன்னு சொல்லப் போற.

வெர்னா: நான் சொல்லல.

ஆல்டன்: எலி சொல்லுது.

வெர்னா: மூடுபனி நாள்ல அப்பா யாரக் கூட்டிட்டுப் போவார், ஞாபகம் இருக்கா?

ஆல்டன்: உன்னத்தான். நான் அழுவேன். பெரியவன் நான் கரையில, சின்னவ நீ படகுல.

வெர்னா: முன்னால உக்கார வைப்பார். ‘மணி மிதவை எந்தப் பக்கம் அடிக்குதுன்னு கைய நீட்டு, குட்டி. விளையாட்டு’ம்பார். நான் நீட்டுவேன். அவர் அந்தப் பக்கம் திருப்புவார். நான் அத விளையாட்டுன்னே நெனச்சிட்டிருந்தேன். போன வாரம் வரைக்கும்.

ஆல்டன்: இரு, இரு. அப்ப அவருக்குத் தெரியும்.

வெர்னா: தெரிஞ்சிருக்கும்.

ஆல்டன்: கேக்கலன்னு தெரிஞ்சே போனாரு. அந்தக் கடைசி நாள், நீ ஜுரத்துல படுத்திருந்தப்பவும் தனியா போனாரு. நம்ம ரெண்டு பேருக்கும் சோறு போட.

வெர்னா: ஆமா.

ஆல்டன்: அப்படின்னா அந்தப் பலகைய எடுக்கத் தேவையில்ல.

வெர்னா: எடுக்கச் சொல்லவே இல்லையே.

ஆல்டன்: ஒதுங்காதவன் தைரியசாலின்னு நெனச்சேன். எவ்வளவு பயந்துட்டே போயிருப்பாரு... நான் பயப்படுவேன், வெர்னா. யார்கிட்டயும் சொன்னதில்ல. மூடுபனி எறங்கினா கரைய விட்டுப் போகவே மனசு வராது. மணி கேக்கறதில்ல. ரெண்டு வருசமா கேக்கறதில்ல. என்ஜின் ஓடறது உள்ளங்கால்ல தெரியும், அத வச்சு ஓட்டறேன். செவ்வாய்க்கிழமை தபால் படகு வந்தத நான் பாக்கவே இல்ல. கடந்து போனப்புறம்தான் அதோட பின்பக்கத்தப் பாத்தேன். தோள்ல தட்டினப்ப நான் என்ன சொல்லணும்? சிரிச்சேன்.

வெர்னா: அண்ணிக்குத் தெரியுமா?

ஆல்டன்: தெரிஞ்சா படக வித்துட்டு என்ன பை சுட வச்சிடுவா. அவகிட்ட சொல்லாத. சொல்லலன்னா குச்சிய கொடு, தேச்சுத் தர்றேன்.

வெர்னா: தனியா போகாதேன்னுதான் கேக்கறேன். மூடுபனியில தனியா போகாத. என் பேச்சக் கேளு.

ஆல்டன்: சரி.

வெர்னா: என்ன, இவ்வளவு சுலபமா?

ஆல்டன்: ஒரு நிபந்தன. மூடுபனி நாள்ல நீ லீவு போடு. முன்னால உக்காரு. முன்ன மாதிரி கைய நீட்டு. நீ காட்டற பக்கம் நான் திருப்பறேன். வேற யாரையும் ஏத்த மாட்டேன், ஊருக்குத் தெரிஞ்சிடும். நீ வந்தா தங்கச்சி ஆசைக்கு வந்தான்னு போயிடும்.

வெர்னா: ...முடியாது.

ஆல்டன்: ஏன்?

வெர்னா: வேல இருக்கு.

ஆல்டன்: எலி ஒரு நாள் பட்டினி கெடக்கட்டும்.

வெர்னா: எனக்கு... கடல் ஒத்துக்கறதில்ல இப்பல்லாம்.

ஆல்டன்: உனக்கா? படகுல பல்லு மொளச்சவளுக்கா? பொய் சொல்லாத. கைய நீட்டத்தானே சொல்றேன்! என்ன உயிரோட பாக்கணும்னு வந்தவ, அரை நாள் படகுல உக்கார மாட்டியா?

வெர்னா: உக்காரலாம். கைய எந்தப் பக்கம் நீட்டறது, அண்ணே?

ஆல்டன்: மணி கேக்கற பக்கம்தான். வெர்னா? ஏன் அப்படிப் பாக்கற? யாரு வர்றா பின்னால... நெட்டியா! வா, வா. இவ்வளவு சீக்கிரம் வந்துட்ட?

நெட்டி: என்னய்யா நடக்குது இங்க?

ஆல்டன்: ஒண்ணும் இல்ல. தங்கச்சி வந்திருக்கா. பேசிட்டிருந்தோம். டீ இன்னும் ஆகல. கெட்டில் விசிலடிக்கட்டும்னு காத்திருக்கோம்.

நெட்டி: ரெண்டு பேருமேவா?

வெர்னா: ஆமா, அண்ணி. ரொம்ப நேரமா.

ஆல்டன்: ஏன் வாசல்ல நின்னு எங்க ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பாக்கற?

நெட்டி: ரெண்டு பேரும் என் மொகத்தப் பாருங்க. மெதுவா சொல்றேன். அந்தக் கெட்டில் கத்தினது எனக்கு சர்ச் மேட்டுலயே கேட்டுச்சு. வீடு பத்திக்கிச்சுன்னு ஓடி வந்தேன். தண்ணி வத்தி, அடி கருகிக் கெடக்கு. கெட்டில் போச்சு. அத எறக்கறப்பவே, நீங்க கத்திப் பேசினது எல்லாம் சமையலறையில கேட்டுச்சு. டார்சி எனக்குப் போன வாரமே போன் பண்ணினா, வெர்னா. மூடி விழுந்தப்ப அந்த அறையில திரும்பிப் பாக்காதது எலி மட்டும் இல்லையாம். அந்தப் பொட்டியும் ரிப்பேர் இல்லையாம். அழுவாத. திங்கக்கிழமை ரெண்டு பேரும் எல்ஸ்வொர்த்துல காது டாக்டர்கிட்ட போறீங்க, நான் நேரம் வாங்கிட்டேன். படகு விக்கப் போறதில்ல. மூடுபனி நாள்ல முன்னால நான் உக்காந்து கைய நீட்டறேன், வாந்தி எடுத்தாலும் எடுத்துக்கிட்டே நீட்டறேன். நீ ஒண்ணே ஒண்ணு மட்டும் செய்யி, ஆல்டன். நாளைக்குக் காலையில அந்த மீசைய எடுத்துடு. இவ ரொம்ப நாளா உன் உதட்டப் பாத்துத்தான்யா பதில் சொல்லிட்டிருக்கா.